பொட்டு வைத்த பெட்டி!

விழுப்புரம் சந்திப்பிலே ஐந்து இருப்புப் பாதைகள் கூடுகின்றன. சென்னைக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று, கடலூருக்கு ஒன்று, புதுவைக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியே காட்பாடிக்கு ஒன்று. நாலா திசைச் சரக்கும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. வடக்கே சென்றால் திண்டிவனம். அங்கிருந்து கிழக்கே சென்றால், வெள்ளை விரிப்பு விரித்தாற்போல் உப்பளங்கள் கிடக்கும் மரக்காணம். பாதை உண்டு, பாலம் உண்டு, மின்கம்பம் உண்டு, கோபுரமும் உண்டு. கோயிற் கோபுரத்தைச் சொல்லவில்லை தோழர்களே, செல்போன் கோபுரத்தைச் சொல்கிறோம்! வானை முட்டும் அந்தக் கோபுரத்தின் நிழலிலே ஓர் அரசுப் பள்ளி. அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கோபுரத்தால் விளைந்த பயன் என்ன? அதைத்தான் ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டிப் பார்த்தோம். தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். கள்ளக்குறிச்சி பிரியாத அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 72 பேர். நாடு ஏறிய படிக்கு எட்டுப் படி கீழே நின்றது நம் மாவட்டம். ஏன்? இம்மண்ணின் மக்கள் மூளையற்றவரா? முயற்சியற்றவரா? அல்லது தலையெழுத்தா? எழுத்தை மறுத்த மேலோர், தலையெழுத்தை மட்டும் தாராளமாக வழங்கினார்கள் நம் பாட்டன் பூட்டன்மார்க்கு! கடலை கொல்லையிலும், செங்கற் சூளையிலும், உப்புப் பாத்தியிலும் தேய்ந்த கைகளுக்கு ஏடு பிடிக்க நேரமும் இல்லை. ஏடு கொடுக்க ஆளும் இல்லை. எட்டுப் படியின் கதை இதுதான்.

நாம் அரசு கலைக் கல்லூரியில் வரலாறு பயின்றோம். நம் குடும்பத்தில் பட்டம் என்ற சொல் நுழைந்தது நம் தலைமுறையில்தான். இன்று திண்டிவனம் பகுதியில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்து வருகிறோம்.

பணியேற்ற புதிதில், தலைமையாசிரியர் அறையின் மூலையில் ஒரு பொருளைக் கண்டோம். மேலே மஞ்சள் துணி போர்த்தியிருந்தது. துணியின்மேல் காய்ந்த சாமந்தி மாலை. துணியை விலக்கினால், நெற்றியிலே சந்தனமும் குங்குமமும்! அம்மன் சிலையோ என்று எண்ணிவிடாதீர்கள். கணினி! ஆயுத பூசையன்று இட்ட பொட்டு. ஆண்டுக்கு ஒரு நாள் அதற்குச் சூடம் காட்டப்பட்டது. எஞ்சிய நாள்களில் அது பூட்டிய அறையிலே அறிதுயில் கொண்டிருந்தது. பிள்ளைகள் தொட்டதே இல்லை. காரணம் கேட்டோம். "பிள்ளைங்க தொட்டா கெட்டுப்போயிடும் சார்" என்று விடை வந்தது.

தொட்டால் தீட்டு என்றார்கள் அன்று. தொட்டால் கெட்டுவிடும் என்கிறார்கள் இன்று. ஏட்டைத் தொடாதே என்று விலக்கப்பட்டவனின் பேரப்பிள்ளை, இன்று விசையைத் தொடாதே என்று விலக்கப்படுகிறான். தடுப்பதற்கு அன்று சாத்திரம் இருந்தது. இன்று சாவி இருக்கிறது!

தலைமையாசிரியரைக் குறை கூற நாம் இதை எழுதவில்லை. அவர் நல்லவர், பிள்ளைகளுக்காகச் சொந்தப் பணம் செலவழிப்பவர். ஆனால் இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் பழுதானால் விளக்கம் எழுத வேண்டியவர் அவர். பழுது பார்க்க ஆள் எப்போது வருவார் என்பது தெரியாது. செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதும் தெரியாது. ஆகவே, பயன்படாமல் பத்திரமாக இருக்கும் பெட்டியே அவருக்குப் பாதுகாப்பு. பக்தி பாதி, பயம் பாதி. இரண்டும் சேர்ந்து கணினியைக் கடவுளாக்கிவிட்டன. கடவுளுக்கு உரிய இலக்கணம்தான் அதற்கும் வாய்த்தது: கும்பிடலாம், கேள்வி கேட்கக் கூடாது!

பேசினோம், பலமுறை பேசினோம். பழுதானால் பொறுப்பில் பங்கேற்பதாக எழுதியும் கொடுத்தோம். மாலை கழன்றது, துணி அகன்றது, பொட்டு துடைக்கப்பட்டது. பிள்ளைகள் தொட்டார்கள். பெட்டி கெடவில்லை!

முதலில் எதைக் கற்பித்தோம்? தம் பெயரைத் தமிழில் எழுதக் கற்பித்தோம். 1999-ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் விளைவாகத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' விசைப்பலகை அந்தக் கணினியில் இருந்தது. இடக்கைப் பக்கம் உயிரெழுத்துகள். வலக்கைப் பக்கம் மெய்கள். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் 'கி' பிறக்கிறது. ககரத்தை இருமுறை தட்டினால் முதற் ககரத்தின் தலையிலே புள்ளி தானாக ஏறி 'க்க' ஆகிறது. உயிரும் மெய்யும் கூடினால் உயிர்மெய் என்று மனப்பாடம் செய்து மறுநாளே மறந்த பிள்ளைகள், அவை கூடுவதைக் கண்ணெதிரே கண்டு கைகொட்டினார்கள். இலக்கணம் அச்சுறுத்தும் பூதமாக இருந்தது போய், ஆடிப் பார்க்கும் பொம்மையாயிற்று.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. உப்பளத் தொழிலாளியின் மகள். தன் பெயரை எழுதி முடித்தாள். எழவில்லை. மறுபடியும் தட்டித் தடவி வேறொரு பெயரை எழுதினாள். "யார் இது?" என்றோம். "எங்கம்மா சார். அவங்களுக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுதான். இதுல அவங்க பேரு வருது பாருங்க" என்றாள்.

அந்தப் பெயர் எளிதில் திரையேறியதற்குப் பின்னே ஒரு போராட்டம் இருக்கிறது, தோழர்களே! 1935-இல் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தம் ஏட்டிலே நடைமுறைப்படுத்தினார். ணை, லை, ளை, னை போன்ற பதின்மூன்று எழுத்துகள் கொண்டிருந்த கோணல் வடிவங்களை நேராக்கினார். எழுத்தைத் தொடுவது பாவம் என்றவர்கள் எள்ளி நகையாடினார்கள். 1978-இல் தமிழ்நாடு அரசு அதனை ஏற்றது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் ஏற்ப எழுத்தைத் திருத்தலாம் என்று அன்று துணிந்ததால்தான், இயந்திரத்தின் முன் தமிழ் தலைகுனியாமல் நிற்கிறது. மொழியே மக்களுக்காக மாறலாம் என்றால், மக்களின் வரிப்பணத்தில் வாங்கிய கணினி மக்களின் பிள்ளைக்காகத் திறக்கக் கூடாதா?

நிற்க. 1940-களில் 'இனி வரும் உலகம்' பற்றிப் பேசிய பெரியார், சட்டைப் பையில் கம்பியில்லாக் கருவி இருக்கும், உருவம் காட்டிப் பேசலாம், ஓரிடத்தில் இருந்துகொண்டே பல இடங்களில் உள்ளவர்க்குக் கல்வி கற்பிக்கலாம் என்றெல்லாம் கணித்தார். சோதிடம் பார்த்துச் சொன்னதா? இல்லை, அறிவியல் போகும் திசையைப் பார்த்துச் சொன்னது. அந்த நாள் வந்தது. எப்படி வந்தது? நோயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தது!

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. பள்ளிக் கதவுகள் மூடின. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அவை மறுபடியும் திறந்தது 2021 நவம்பர் முதல் நாள். பத்தொன்பது மாதங்கள்! பாடம் கைபேசிக்குள் புகுந்தது. அப்போது நாம் கல்லூரி மாணவர். அலைவரிசை தேடி மொட்டை மாடி ஏறிப் பாடம் கேட்டோம். கீழே தெருவைப் பார்த்தால் வேறு காட்சி. வீட்டுக்கு ஒரு போன். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு திரும்பும்போது சார்ஜ் இருக்காது. சார்ஜ் ஏறினால் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். எல்லாம் கூடி வந்தாலும் போன் தம்பியின் கைக்குப் போகும். அக்காவின் கைக்கு அகப்பை வரும். 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பல வீடுகளுக்குப் பாடத்தைக் கொண்டு சேர்த்தது, நன்று. ஆனால் தொலைக்காட்சி பேசும், கேட்காது. "புரியவில்லை" என்று பிள்ளை சொன்னால் அதற்குத் தெரியாது.

போன் இல்லாத பிள்ளை என்ன செய்தது? உப்பளத்தான் மகன் உப்பளத்துக்குப் போனான். சூளைக்காரர் மகள் கல் அடுக்கப் போனாள். ஆடு மேய்த்தவர் மகன் ஆட்டின் பின்னே போனான். இந்தக் காட்சியை எங்கோ படித்திருக்கிறோமே என்று நெஞ்சம் துணுக்குற்றது. 1953-இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் அதுதானே! பள்ளியில் சில மணி நேரம், மிச்ச நேரம் தகப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் சூட்டி நாடே கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது குழியில் இறக்கப்பட்டது. புதைத்த குலக்கல்வி, அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, அரசாணை இன்றி, அமைச்சரவை முடிவு இன்றி, ஓசையின்றி எழுந்து வந்து நம் தெருவிலே உலவியது. பணம் உள்ள வீட்டுக்குப் பாடம். பணம் இல்லாத வீட்டுக்குப் பரம்பரைத் தொழில்! யாரும் சதி செய்யத் தேவையில்லை. கருவியைச் சந்தையின் கையில் விட்டால் போதும். சாதி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தானே வந்துவிடும்.

ஆகவே கருவியே வேண்டாம் என்பதா? கூடாது. வேண்டாம் என்றால் நட்டம் நம் பிள்ளைகளுக்கு மட்டுமே. நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளை எவர் சொல்லையும் கேட்டுக் கணினியை மூடி வைக்கப் போவதில்லை. கருவி வேண்டும். எப்படி வேண்டும் என்பதே கேள்வி. விடை தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மரக்காணம் பகுதியிலேயே இரண்டு ஊர்கள் இருக்கின்றன.

ஒன்று, கந்தாடு. அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆசிரியை ஒருவர், தம் நகைகளை விற்று வகுப்பறைக்குத் திரைப்பலகையும் இருக்கைகளும் வாங்கினார். கூரை வீட்டுப் பிள்ளைகள் அவர் வகுப்பில் ஒலிப்பு முறைப்படி ஆங்கிலம் பேசினார்கள். 2017-இல் செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின, நாடு வியந்தது. நாமும் வணங்குகிறோம், அந்தத் தாயுள்ளத்தை. ஆனால் கைதட்டிய கையோடு ஒரு கேள்வியும் கேட்டாக வேண்டும். ஓர் ஆசிரியையின் கழுத்து வெறுங்கழுத்தானால்தான் ஒரு வகுப்பறை நிறையும் என்பது நீதியா? அந்தப் பள்ளிக்கு அவர் கிடைத்தார். அடுத்த ஊர்ப் பள்ளிக்கு யார் கழற்றுவார் நகையை? தியாகத்தைப் பாராட்டலாம், தியாகத்தைத் திட்டமாக்கக் கூடாது. உரிமை என்பது ஒருவரின் இரக்கத்தைக் காத்திருப்பதன்று. சட்டமும் வரவு செலவுத் திட்டமும் தர வேண்டியதை ஓர் ஆசிரியையின் தாலிக்கொடி தரக் கூடாது.

மற்றொன்று, முதலியார்குப்பம். 2021 அக்டோபர் 27-ஆம் நாள், அங்கேதான் முதல்வர் மு.க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கினார். பத்தொன்பது மாத இழப்பை ஈடுசெய்ய அரசு எதை அனுப்பியது? ஆளை அனுப்பியது! மாலை நேரத்தில், பிள்ளைகள் வாழும் தெருவிலேயே, ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் கற்பிக்கத் தன்னார்வலர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. பெரும்பாலோர் பெண்கள், படித்துவிட்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெண்கள். நாமும் நம் ஊரில் ஒரு தன்னார்வலரானோம். நாம் கொண்டு சென்ற கருவி நம் கைபேசி ஒன்றுதான். இருபது தலைகள் அதனைச் சுற்றி முட்டி மோதும். எரிமலை வெடிக்கும் காட்சியைக் காட்டிவிட்டு, போனைப் பையில் போட்டுவிடுவோம். பிறகு ஒரு மணி நேரம் கேள்வி, கதை, படம் வரைதல். காட்சி சில நிமிடம். கற்றல் ஒரு மாலை. ஒரே கருவி இருபது பேருக்குப் பயன்பட்டது. காரணம், பக்கத்திலே ஓர் ஆள் இருந்ததுதான்.

உலகம் கண்ட பாடமும் இதுவே. தென்னமெரிக்காவின் பெரு நாடு, ஏழைப் பிள்ளைகளுக்கு இலட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வழங்கியது. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கி ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு யாது? கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சி உயரவில்லை! பெட்டி போய்ச் சேர்ந்தது. பாடத்தோடு இணைக்கும் பயிற்சி போய்ச் சேரவில்லை. மறுபுறம் தில்லியைப் பாருங்கள். பள்ளி முடிந்த பிறகு, ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் நிற்கிறதோ அந்த நிலையிலிருந்து பாடம் தரும் கணினி மென்பொருளைப் பயன்படுத்தி, துணைக்கு ஆசிரியரையும் அமர்த்திய மையங்களில், சில மாதங்களிலேயே கணக்கும் தாய்மொழிப் பாடமும் உயர்ந்தன என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. எட்டாம் வகுப்பில் அமர்ந்து நாலாம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் பிள்ளையை நாள்தோறும் பார்க்கும் நமக்கு இது வியப்பளிக்கவில்லை. அவனுக்கு வேண்டியது எட்டாம் வகுப்புப் பாடத்தின் வண்ணப் படம் அன்று. நாலாம் வகுப்பில் விட்ட இடம்.

தமிழ்நாடு இத்துறையில் வாளாவிருக்கவில்லை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சேறின. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 2024-இல் தொடக்கப் பள்ளிகளில் 22,000-க்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் பணியும், ஆசிரியர்க்குக் கைக்கணினி வழங்கும் பணியும் தொடங்கின. இவையெல்லாம் மக்களாட்சி தந்த கொடைகள் அல்ல. மக்கள் தமக்குத் தாமே செய்துகொண்ட செலவுகள். ஆனால் அதே 2024–25-ஆம் ஆண்டில், பள்ளிக் கல்விக்கான நடுவண் பங்கு 2,152 கோடி ரூபாய், நடுவண் அரசின் பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பதற்காக நிறுத்தப்பட்டது. கொள்கையில் வேறுபட்டால் பிள்ளையின் பங்கை நிறுத்துவதா? பந்தியில் அமர்ந்த பிள்ளையின் இலையை இழுப்பது எந்த ஊர் நியாயம்?

பொருள் வந்தால் போதுமா? போதாது. திரை வந்த பள்ளியில் மின்சாரம் நிற்காதிருக்க வேண்டும். இணையம் இழுக்காதிருக்க வேண்டும். பழுதானால் வாரத்துக்குள் வந்து பார்க்க ஒன்றியத்துக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இருந்தால் எந்தத் தலைமையாசிரியரும் பெட்டிக்குப் பொட்டு வைத்துப் பூட்ட மாட்டார். ஆசிரியருக்கு நேரம் வேண்டும். இன்று நம் கையில் உள்ள கருவி, கற்பிக்க அழைப்பதைவிடக் கணக்குக் கேட்க அழைப்பதே மிகுதி. வருகைப் பதிவு, உணவுப் பதிவு, உயரம் எடைப் பதிவு, மதிப்பெண் பதிவு! பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய ஆசிரியர், பிள்ளையைப் பற்றிய பட்டியலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எழுத்தர் வேலைக்கு எழுத்தரை அமர்த்துங்கள். ஆசிரியரை வகுப்புக்கு விடுங்கள் என்கிறோம்.

பகுத்தறிவுத் தோழர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் இரவு, முழு நிலவு மறைப்பு நம் நாடெங்கும் தெரிந்தது. மறுநாள் வகுப்பில் கேட்டோம். பாம்பு விழுங்கியது என்றார்கள் சிலர். அதைப் பாட்டி சொல்லியிருப்பாள் என்று எண்ணினோம். இல்லை, செல்போனில் பார்த்தோம் என்றார்கள்! நவீனக் கருவியில் ஏறிக்கொண்டு இராகுவும் கேதுவும் வருகிறார்கள். கருவி வந்துவிட்டால் மூடநம்பிக்கை மாயும் என்று எண்ணுவதும் ஒரு மூடநம்பிக்கையே. ஆகவே முதலில் ஒரு டார்ச் விளக்கு, ஒரு பந்து, ஓர் எலுமிச்சம்பழம் எடுத்தோம். விளக்கு ஞாயிறு, பந்து புவி, பழம் நிலவு. நிழல் விழுந்ததைக் கண்ணால் கண்டார்கள். அதன் பின்னரே கணினியில் விண்வெளிக் காட்சியை ஓட்டினோம். "அப்ப பாம்பு பொய்யா சார்?" என்றான் ஒருவன். "நீயே சொல்" என்றோம். "நெழலுதான் சார், வட்டமா தெரியுது" என்றான். கேள்வி கேட்கவும் கண்டு தெளியவும் கற்ற பிள்ளை, நாளை எந்தத் திரையில் எந்தப் புரட்டு வந்தாலும், "இது எப்படித் தெரியும்?" என்று ஒரு சொல் கேட்பான்.

நாம் செய்யத்தக்கது என்ன? கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. சரிபாதி பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. அக்குழு கூடும் நாளில் உங்கள் ஊர்த் தாய்மாரை அழைத்துச் செல்லுங்கள். கணினி எத்தனை, ஓடுவது எத்தனை, பூட்டிக் கிடப்பது எத்தனை என்று கேட்கச் செய்யுங்கள். விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். நம் இயக்கம் ஊர்தோறும் படிப்பகம் அமைத்தது. ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் கேட்ட இடங்கள் அவை. ஒரு நாளேடு நூறு பேருக்குப் பயன்பட்ட அந்த முறையை மறுபடியும் எடுப்போம். பூட்டிய படிப்பகத்தைத் திறப்போம். ஒரு கணினி, ஓர் இணைப்பு, மாலையில் ஒரு மணி நேரம் உடன் அமர ஒரு பட்டதாரி. போன் கிடைக்காத அக்காமாருக்கு அங்கே முதல் இருக்கை. இதற்குக் கோடிகள் தேவையில்லை. கூட்டம் முடிந்து கலையும் தோழர்களில் ஒருவர் தங்கினால் போதும்.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம், விடாமல் கேட்போம். நாம் செய்யக் கூடியதை இந்த மாலையே தொடங்குவோம். எட்டுப் படி கீழே நிறுத்தப்பட்ட மாவட்டம் இது. ஏணி வந்திருக்கிறது. அதற்கு மாலை போட்டது போதும். பிள்ளைகள் ஏறட்டும், அசையாமல் நாம் பிடித்துக்கொள்வோம்!